நாச்சியா கொன்ற இஞ்சின்

“யானையச் சாகடிச்சவன் ஊருக்கு ஒருத்தன் இரிக்கான். நான் யானைய விடப் பெரிய இஞ்சினொண்ட இந்தக் கையால கழுத்த நெரிச்சிச் சாகடிச்சவள். உசிரு போகக்குள்ள அது என்ட மூஞ்சியில கரியத் துப்பிச்சி. மறுகா ‘உம்மா’ எண்டு ஒரு சத்தம். அவ்வளவுதான், மௌத்து.”

இதைச் சொல்லிவிட்டு நாச்சியா உட்காரவில்லை. நின்றபடியே மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். கல்முனை அன்று சிரித்த சிரிப்பில் மண்டபத்து ஓடுகள் மேலே எழும்பித் திரும்பவும் தத்தம் இடத்தில் உட்கார்ந்தன. லொறிக்காரன் ஒருவன் சிரிப்புத் தாங்காமல் கதிரையோடு சரிந்து, விழுந்த இடத்திலிருந்தே மிச்சத்தையும் சிரித்து முடித்தான்.

யுத்தம் முடிந்த வருடத்து ஆவணி மாதம் அது. கரண்ட் விசயமாய்க் கூட்டம் வைக்க வந்திருந்த பொறியியலாளர் யசோதினி, மட்டக்களப்புப் பிள்ளை, அதுவரை பொறுமையாய் விளக்கிக்கொண்டிருந்தாள். பொழுது படுகிற மக்ரிபுத் தொழுகை நேரத்தில் எல்லா வீட்டிலும் லைட், ரீவி, ஃபேன் என்று ஒரே மூச்சில் போடுகிறார்கள். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக இன்னொரு மின்நிலையம் கட்டுவதை விட, பெரிய மெசின் வைத்திருப்பவர்கள் அந்த நேரம் நிறுத்திக்கொண்டால் போதும். நிறுத்துகிறவர்களுக்கு மற்ற நேரத்துக் கரண்ட் மலிவு. ஆனால் சொன்ன நேரத்துக்கு, முறை வைத்து, ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுக்கத் தெரிந்த கூட்டமாய் இருக்க வேண்டும். முதலில் செய்து பார்க்க இந்தக் கரையில் ஒரு கூட்டத்துக்குத்தான் இடம். அக்கரைப்பற்று ஐஸ் கொம்பனிக்காரரும் கேட்டிருக்கிறார்கள்.

“முந்தி இப்பிடிச் சேந்து செஞ்ச பழக்கம் உங்களுக்கு இரிக்கா?” என்று அவள் கேட்டதற்குத்தான் நாச்சியா எழும்பியது.

நாச்சியாவுக்கு அது விளையாட்டுப் பேச்சில்லை. அந்த ஊர்களில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். அவளுக்கு நாலு பெண்கள். கடற்கரையோரம் வரிசையாய் எழுப்பிய நாலு வீட்டையும் புருசனையும் சுனாமி ஒரே வாயில் விழுங்கியது. மிச்சம் விட்டது ஐஸ் கொம்பனியை. அதன் வருமானத்தில்தான் மூத்தவள்கள் இரண்டு பேருக்கும் திரும்ப வீடு எழும்பியது; இளையவள்கள் இருவருக்கும் அதிலிருந்தேதான் எழும்ப வேண்டும். மலிவுக் கரண்ட் அக்கரைப்பற்றுக்குப் போனால் அங்கே ஐஸ் மலியும், இங்கே கதவு பூட்டுப்படும்.

“புளுகு!” என்றது முன் வரிசை.

சொன்னவர் காரைதீவுக் கதிர்காமத்தம்பிப் போடியார். கண்ணுக்கெட்டிய மட்டும் வயல், அதற்கு நடுவே அரிசி மில், அதற்கெல்லாம் மேலே ஒரு மீசை. “மிஸ், இவ காலையில ஒரு புளுகு, அந்திக்கி ஒரு புளுகு. இஞ்சின் செத்த கதையும் இல்ல, நெரிச்ச கதையும் இல்ல.”

“போடியார், நீங்களும் அங்கதானே நிண்டீங்க?” என்றாள் நாச்சியா.

“நான் ஒரு இடமும் நிக்கல்ல.”

யசோதினி பேனையை மூடினாள். “நாச்சியாம்மா, கேக்க எனக்கு விருப்பம்தான். ஆனா உங்கட பேச்ச மட்டும் வச்சி நான் எழுத ஏலாது. நீங்க ஒரு ஊரு, போடியார் ஒரு ஊரு. அவர் ‘ஓம், நடந்தது’ எண்டு ஒரு சொல்லுச் சொன்னா, உங்கட கூட்டத்தையே எடுக்கன். இல்லாட்டி அக்கரைப்பத்துத்தான்.”

போடியார் யன்னலுக்கு வெளியே போகிற பஸ்ஸை உற்றுப் பார்த்தார். அவர் ஏன் அப்படிப் பார்த்தார் என்பது உலகத்தில் நாச்சியா ஒருத்திக்குத்தான் தெரியும். அதை அவள் தன் வாயால் சொல்லவும் முடியாது. சத்தியம் குறுக்கே நின்றது.

கடல் வந்துபோன பிறகு வந்த மாசி மாதத்தில் நடந்த சங்கதி அது. கரையோரத்துக் கரண்ட் கம்பமெல்லாம் பல்லுக்குத்திய குச்சி மாதிரிக் கிடந்தது. மேற்கேயிருந்து வருகிற கம்பியை ஆட்கள் நிமிர்த்தி விட்டுப் போவார்கள். காட்டுக்குள் ஒரு வெடிச் சத்தம் கேட்கும். கம்பி திரும்பவும் தரையில் கிடக்கும். யார் வைத்தது என்று கேட்க யாருக்கும் வாய் இருக்கவில்லை. கடைசியில் எந்த நாட்டுக்காரரோ கப்பலில் அனுப்பிய இஞ்சின் ஒன்றை மீன் சந்தைக்குப் பின்னால் இறக்கினார்கள். ஒரு லொறி அளவு என்று ஊர் சொல்லும். நாச்சியாவின் கணக்கில் அது பள்ளிவாசல் மினாரா உயரம்.

அதிலிருந்து கரண்ட் எடுத்தவர்கள் மூன்று பேர்: ஐஸ் கொம்பனி நாச்சியா, அரிசி மில் போடியார், மரம் அறுக்கிற மரக்காலை அஸ்ஹர். பொழுது பட்டால் அகதி முகாமும் பள்ளிவாசலும் கடைத்தெருவும் அதிலேயே தொங்கும். இரண்டு மில்லை அந்த இஞ்சின் சுமக்கும். மூன்றாவது ஏறினால் அதற்கு இழுப்பு வந்துவிடும், முகாம் இருண்டு போகும்.

மூவருக்கும் தலை போகிற அவசரம். போடியாரின் தொட்டிகளில் அவிக்கிறதுக்கு ஊறப்போட்ட நெல் புளித்து நாறத் தொடங்கியிருந்தது. அஸ்ஹரின் வாசலில் கூரைக்கு மரம் கேட்டு வீடிழந்த சனம். நாச்சியாவுக்கு வள்ளக்காரர். பிணம் மிதந்த கடலின் மீனை ஊர் தொடாமலேயே இருந்து, இப்போதுதான் மெல்ல வாய் திறந்திருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்குப் பிறகு முதல் வள்ளங்கள் இறங்குகின்றன. “அண்டைக்கு உன்ட ஐஸ் இல்லாட்டி அக்கரைப்பத்து லொறிதான் ராத்தா. மறுகா இந்த வாசலுக்கு வரமாட்டம்” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள்.

இஞ்சினைப் பார்த்துக்கொண்டவன் ஜவுபர். மூன்று மில்லும் ஏறி அது மூச்சு வாங்குவதைப் பொறுக்க மாட்டாமல், வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கம்பியை முழு வேகத்தில் இழுத்து, வலை பின்னுகிற நைலோன் நூலால் கட்டிவிட்டான். மீன்காரன் போட்ட முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். சுமை இருக்கிற மட்டும் அதில் பிழை இருக்கவில்லை.

புதன்கிழமை பின்னேரம் முகாம் திரும்பவும் இருண்டது. போடியாரின் மில் ஆள் ஒருவன், இனிப் பேச்சு எதற்கென்று, ஐஸ் கொம்பனிக்குப் போகிற வயரை வெட்டக் கோடாலியை ஓங்கினான். ஐஸ் கட்டி இழுக்கிற கொக்கியோடு நின்ற நாச்சியாவின் ஆள், அந்தக் கொக்கியை அவன் தோளில் மாட்டி இழுத்தான். சதை கிழிந்தது துணி கிழிந்த மாதிரிக் கேட்டது. மரக்காலைக்காரர் தடிகளோடு பாய்ந்தார்கள். யார் யாருக்கு அடிக்கிறான் என்ற வித்தியாசம் அதோடு போயிற்று. அஸ்ஹரின் காது பாதி அறுந்து தோளில் தொங்கியது. ஒருவனுடைய பல் பறந்துபோய் மருதமுனையில் தறியில் இருந்தவரின் சாரனுக்குள் நெய்யுண்டு போனதாய் நாச்சியா இன்றைக்கும் அடித்துச் சொல்வாள். ஜவுபரின் கை முழங்கையில் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியதை மட்டும் ஊரே பார்த்தது. அவனை அடித்த அதே தடி, இஞ்சினை நிறுத்துகிற கைபிடியையும் முறித்துப் போட்டது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

நடுவில் நாச்சியாவும் போடியாரும் மூக்கும் மூக்கும் முட்ட நின்றார்கள்.

“என்ட நெல்லு அழுகுது. நீ தண்ணியக் கட்டியாக்கி விளையாடுறியா?”

“உங்கட நெல்லு அடுத்த போகத்திலயும் விளையும் போடியார். என்ட குமருப் புள்ளைகளுக்குத் தலைக்கு மேல கூரை இல்ல!”

“அத என்னட்டக் கேக்காத. கடலட்டக் கேளு!”

நாச்சியா அறைந்தாள். அந்த அறையின் சத்தத்துக்குச் சாகாமம் குளத்தில் மேய்ந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது. “நம்மட போடியார்ல கை வச்சிட்டாள்!” என்று ஒரு பக்கம் கத்தியது. “நம்மட பொம்புளையோட ஆம்புளத்தனம் காட்டுறானா!” என்று மற்றப் பக்கம் கத்தியது. அதுவரை ஐஸும் அரிசியும் மரமுமாய் அடித்துக்கொண்டவர்கள், கண் மூடித் திறக்கிறதுக்குள் தமிழரும் முஸ்லிமுமாய் இரண்டு சனமாய்ப் பிரிந்து நின்றார்கள். இருபக்கமும் ஆள் கூட்டி வரச் சைக்கிள்கள் திரும்பின. அந்தக் கரையில் அப்படித் திரும்பிய சைக்கிள்கள் எதைக் கொண்டு வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். கடல் கொன்ற மையத்துகளை அடக்கியே கை ஓய்ந்து போன ஊர்கள் அவை.

அப்போது சந்தையில் மீன் ஏலம் கூறுகிற மீராமுகைதீன் காக்கா ஒரு மீன்பெட்டியில் ஏறினார். அவருக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். மூச்சை இழுத்து அதைச் செய்தார்.

“கூறுறன்! கூறுறன்! இருட்டுக் கூறுறன்!”

ஓங்கிய தடிகள் அப்படியே நின்றன. அந்தக் கரையில் ஏலக் குரல் கேட்டால் அடிக்கிறவனும் கையை நிறுத்துவான், அடி வாங்குகிறவனும் காதைக் கொடுப்பான். விலை காதில் விழாமல் போனவனுக்கு அன்று பிழைப்பில்லை. சைக்கிளில் ஏறியவன் ஒரு காலை ஊன்றினான்.

“மக்ரிபிலிருந்து இஷா மட்டும் மெசின நிப்பாட்ட ஆரு வாறது? நிப்பாட்டுறவனுக்கு மத்தவங்க என்ன குடுக்கணும்? கூடக் கேட்டவனுக்கு இல்ல, குறையக் கேட்டவனுக்குத்தான் விழும்! கூறுறன்!”

“ஒரு கட்டி ஐஸ் தந்தா நான் நிப்பாட்டுறன்,” என்றான் அஸ்ஹர். “காதுக்கு வைக்கணும்.”

“அரைக் கட்டி!” என்றார் போடியார், கன்னத்தைப் பொத்திக்கொண்டு.

நாச்சியா கணக்குப் பார்த்தாள். உறையத் தொடங்கின ஐஸை உமிக்குள் மூடி வைத்தால் இராத் தொழுகை இஷா வரைக்கும் அசையாது. புளிக்கிற நெல் பொறுக்காது. “எனக்கு ஒரு சாக்கு உமி போதும்!” என்றாள்.

அவ்வளவில் ஏலம் விழுந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அஸ்ஹர் திடீரென்று அழத் தொடங்கினான். “எனக்கு ஒண்டும் வேணாம் காக்கா. என்ட மௌத்தான மகன்ட பேரால சும்மாவே நிப்பாட்டுறன்.”

அதற்குப் பிறகு உமி கேட்கிற வாய் யாருக்கு இருக்கும்? “என்ட தங்கச்சியும் கடலோட போனவதான்,” என்றார் போடியார். “அவட பேரால நானும் சும்மா.” நாச்சியா மட்டும் குறைந்தவளா? “என்ட மனிசன்ட பேரால நானும்!” ஆளைக் கடலுக்குக் கொடுக்காத வீடு அங்கே ஒன்றும் இல்லை. தேத்தண்ணிக் கடைக்காரர் உம்மா பேரைச் சொன்னார். சலூன்காரன் தம்பி பேரைச் சொன்னான். முகாம்காரர் யார் பேரைச் சொல்வது, யாரை விடுவது என்று தெரியாமல் எல்லாரையும் சொன்னார்கள். இரத்தம் வழிகிற முகங்கள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்து அழுதன. பிறகு, தன் இறந்தவருக்குத் தான்தான் முந்திக் கொடுக்க வேண்டும் என்று, ஆளுக்கு ஆள் தள்ளிக்கொண்டு சுவிச்சைத் தேடி ஓடினார்கள்.

“ஒராள் போதும்கா! ஒராள் நிப்பாட்டினாக் காணும்!” என்று மீராமுகைதீன் காக்கா தொண்டை கிழியக் கத்தினார். கேட்க ஆள் இல்லை. ஐஸ், அரிசி, மரம், முகாம், கடைத்தெரு எல்லாம் ஒரே மூச்சில் நின்றன.

முழு வேகத்தில் கட்டிப் போட்டிருந்த இஞ்சினுக்குச் சுமை இல்லாமல் போயிற்று. முதலில் அது ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு ஊளையிட்டது. பிறகு அதற்குப் பைத்தியம் பிடித்தது. நிலம் அதிர்ந்தது. பள்ளிவாசல் முகப்பில் மிஞ்சியிருந்த ஒற்றைப் பல்ப் வெள்ளையாய் எரிந்து வெடித்தது. பெல்ட் அறுந்து சாட்டை மாதிரிச் சுழன்று, ஒருவனின் முதுகைத் தோலோடு உரித்துக்கொண்டு போயிற்று. இரும்புத் தகடொன்று பறந்து தென்னையொன்றைக் குரும்பையோடு சேர்த்து வெட்டியது. ஆனால் சனத்தைத் துரத்தியது தகடு இல்லை, அந்த இரைச்சல். அந்த இரைச்சலை அவர்கள் முன்னரே ஒரு தடவை கேட்டவர்கள்.

“கடல் வருது! கடல் வருது!”

சந்தை மேற்கே பாய்ந்தது. முறிந்த கையோடு ஜவுபர் ஓடினான். மீராமுகைதீன் காக்கா ஏறி நின்ற பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார். பிள்ளைகள் மிதிபட்டன, பெற்றவர்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

நின்றது இரண்டே பேர். வீரத்தினால் அல்ல. மற்றவர் முன்னால் ஓடுவதற்கு நாச்சியாவுக்கும் வெட்கம், போடியாருக்கும் வெட்கம்.

“ஓடு புள்ள!”

“நீங்க ஓடுங்க முதல்ல!”

இஞ்சின் வெடித்தால் ஐஸும் இல்லை, வள்ளமும் இல்லை, குமருகளுக்கு வீடும் இல்லை. நாச்சியா கைபிடியைத் தேடினாள், முறிந்து கிடந்தது. நைலோன் முடிச்சில் நகத்தைப் போட்டாள், நகம்தான் பிய்ந்தது. வள்ளத்து இஞ்சினுக்கு வெறி பிடித்தால் காற்று இழுக்கிற வாயைப் பொத்த வேண்டும் என்று புருசன் சொன்னது நினைவு வந்தது. ஈரச் சாக்கொன்றை எடுத்து அந்த வாயில் போட்டாள். இஞ்சின் அதைப் பப்படம் மாதிரி நொறுக்கித் தின்றது. தலையில் கிடந்த முக்காட்டின் மேல் துணியை உருவிப் போட்டாள். அதுவும் போயிற்று. இனி என்ன என்று திரும்பியவளின் கண்ணில் போடியாரின் வேட்டி பட்டது. கஞ்சி போட்ட மொத்த வேட்டி. எட்டு முழம்.

“விடு! வேட்டிய விடு!”

“வேட்டி வேணுமா, உசிரு வேணுமா?”

“வேட்டி!” என்றார் போடியார், யோசிக்காமல்.

அவர் குத்தியதில் அவள் உதடு பிளந்தது. அவள் கடித்ததில் அவர் மணிக்கட்டில் பல் எலும்பு மட்டும் இறங்கியது. இரண்டு பேரும் எண்ணெய்ச் சேற்றில் புரண்டார்கள். வேட்டியின் ஒரு தலைப்பு இஞ்சினின் வாயோரம் பட்டதுதான். மிச்சத்தை அது தானே உறிஞ்சியது. வேட்டியோடு போடியாரும் போனார். முதுகு போய் வாயில் ஒட்டிக்கொண்டது. இஞ்சின் அவரைக் குடிக்கப் பார்த்தது, அவர் அலறினார். நாச்சியா அவர் வயிற்றில் தோளைக் கொடுத்து, பின்னுக்கு இழுக்காமல், முன்னுக்குத் தள்ளினாள். இருந்த சந்து பொந்தெல்லாம் கைவிரலால் அடைத்தாள். வாயோரத் தகட்டில் அவள் சுண்டுவிரலின் நுனி போயிற்று; போனது அப்போது தெரியவில்லை. இஞ்சின் திமிறியது, குலுங்கியது, கரியை அவள் முகத்தில் துப்பியது. ஒரு நீண்ட சத்தம் போட்டது. செத்தது.

அந்த அமைதியில் கடல் தன் இடத்திலேயே மெல்ல அலையடிப்பது கேட்டது.

போடியார் இடுப்பில் ஒன்றும் இல்லாமல், மேல் சேட்டோடு மட்டும் நின்றார். நாச்சியா முகத்தைத் திருப்பிக்கொண்டு உமிச்சாக்கொன்றைப் பின்கையால் எறிந்தாள். அவர் அதைச் சுற்றிக்கொண்டார். உமி குத்தியது. “நாச்சியா, இத உன்ட வாயால நீ ஆருக்கும் சொல்லப்படாது.”

“என்ட வாயால உங்கட வேட்டிய நான் சொல்லமாட்டன் போடியார். நாலு புள்ளைகள் மேல சத்தியம்.”

வேட்டித் துண்டுகளை அவளே பிடுங்கி ஒளித்தாள். திரும்பி வந்த சனம், எண்ணெய் முடிந்து இஞ்சின் நின்றதாய் முடிவு கட்டியது. காயக்காரருக்குக் கட்டுப்போட வேட்டியைக் கிழித்துக் கொடுத்ததாய்ப் போடியார் சொன்னார். ஊர் அவரை மெச்சியது.

மறுநாள் ஜவுபர் ஒற்றைக் கையால் நூலை அறுத்து, கைபிடியை ஒட்டி, செத்ததை எழுப்பினான். மீராமுகைதீன் காக்கா திரும்பவும் பெட்டியில் ஏறினார். “இனி இந்த ஏலத்தில ‘சும்மா’ எண்ட சொல்லுச் செல்லாது! மௌத்தானவங்களுக்குக் குடுக்கிறதப் பள்ளியில, கோயில்ல குடுங்க. இஞ்ச விலை சொல்லித்தான் நிப்பாட்டணும். ஒராளுக்கு விழுந்தா மத்தவன் மெசினத் தொடப்படாது!” அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் இருட்டு ஏலம் போயிற்று. அநேகமாய் நாச்சியாவுக்குத்தான் விழும், அவளுடைய ஐஸ் பொறுக்கும். கூலியாய் உமி வந்தது, மரத்தூள் வந்தது, முகாம் இருளவில்லை, நெல் அவிந்தது. வெள்ளிக்கிழமை வள்ளங்கள் அவளுடைய ஐஸோடுதான் இறங்கின. அந்த ஏலத்தை ஒத்துக்கொண்டால் அதன் பின்னால் வேட்டியும் வெளியே வரும் என்பதுதான் போடியாரின் பயம்.

இவ்வளவும் மனதில் ஓடி முடிய, மண்டபத்தில் யசோதினி கடதாசிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஒரு நிமிசம் மகள்,” என்றாள் நாச்சியா. “போடியார் சொல்றது சரிதான். அவர் அங்க நிக்கல்ல. இஞ்சின்ட வாய அடைச்சது மீராமுகைதீன் காக்காட சாரன். என்ன காக்கா?”

பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த மீராமுகைதீன் காக்கா கண் விழித்தார். கிடைக்கிற பேரை வேண்டாம் என்கிற ஆள் அவர் இல்லை. “ஓம் ஓம்! நான்தான் சாரனக் கழட்டி…”

“முதுகையும் குடுத்தீங்களே?”

“குடுத்தன்கா! இந்த முதுகத்தான் குடுத்தன்!”

“சிங்கம்!” என்று யாரோ ஒருவன் கத்தினான். மண்டபம் கை தட்டியது. நாச்சியா கடைக்கண்ணால் பார்த்தாள். போடியாரின் பிடரி சிவந்து, காது சிவந்து, மீசை நடுங்கியது.

“பாவம் போடியார்,” என்றாள் அவள். “அவர் ‘கடல் வருது’ எண்டு சாகாமம் மட்டும் ஓடிட்டார்.”

“ஆரு ஓடினது?” போடியார் எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் பறந்தது. “ஆருகா ஓடினது? அந்தாள்தான் மீன்பெட்டியத் தலையில கவுத்துக்கிட்டு ஓடினவன்! சாரனாம் சாரன்! அந்தக் கந்தல் சாரனுக்கு அந்த இஞ்சின் நிக்குமா? என்ட வேட்டி! எட்டு முழ வேட்டி! முதுகு ஆருட முதுகு? இந்தா, பாருங்க!”

எல்லார் முன்னாலும் சேட்டைத் தூக்கிக் காட்டினார். முதுகு நடுவில் வட்டமாய் ஒரு தழும்பு, சோற்றுத் தட்டு அளவு. பின்வரிசை கதிரையில் ஏறி நின்று பார்த்தது. அப்போதுதான் போடியாருக்குத் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. மெல்லச் சேட்டை இறக்கினார். நாச்சியா கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தாள். அவள் வாயால் ஒன்றும் சொல்லவில்லையே.

யசோதினி சிரிப்பைப் பல்லுக்குள் கடித்துக்கொண்டு பேனையைத் திரும்பவும் திறந்தாள். “அப்ப நடந்ததா போடியார்?”

போடியார் நாச்சியாவை முறைத்தார், மீராமுகைதீன் காக்காவை முறைத்தார், கடைசியில் தன் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“ஓம் புள்ள,” என்றார். “நடந்ததுதான்.”